ஊற்றும் அரணும்: பாம்பன் தீவின் மணலும் மக்கள்தொகையும்

தனுஷ்கோடிக் கரையில் மணலைக் கையால் தோண்டினால் நீர் ஊறுகிறது. கடல் கூப்பிடு தூரத்தில்தான். நீரோ உப்புக் கரிக்காது. பெண்கள் சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்புகிறார்கள். அவசரப்பட்டால் நீர் கலங்கிவிடும். ஊறவிட்டு அள்ள வேண்டும். 1964 டிசம்பர் புயலுக்குப் பின் வாழத் தகாதது என்று அரசு அறிவித்த இடத்துக்கு மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்ததற்கு மீன் மட்டும் காரணமன்று. இந்த ஊற்றும் காரணம்.

தனுஷ்கோடி அமைந்த பாம்பன் தீவில் ஆறு இல்லை. மணலில் இறங்கும் மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம். இதன் மறுபக்கம் கடுமையானது: மேலே ஒரு சாண் குறைந்தால் அடியில் உப்பு நாற்பது சாண் ஏறும். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் வைத்து இறைப்பதற்கும் சிரட்டையால் அள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

நீரைத் தேக்கும் அதே மணல்மேடுதான் புயலலையின் வேகத்தையும் தணிக்கிறது. நீரும் ஆபத்தும் ஒரே பருவத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகின்றன. 1964-இல் மணல் தனுஷ்கோடியைக் காக்கவில்லையே என்று கேட்கலாம். இருபுறமும் கடல் சூழ்ந்த குறுகிய மணல்திட்டின் மேல் துறையும் ரயில் நிலையமும் குடியிருப்பும் அலைக்கு நேர் எதிரே நின்றன. அங்கே பின்வாங்க இடமில்லை. தீவின் அகன்ற பகுதியில் இன்னும் இடம் உண்டு. மேடுகளைச் சமன்செய்து கட்டடம் எழுப்பும்போது அந்த வாய்ப்பும் குறைகிறது.

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளும் இவ்வாறே மீனுக்குத் தாயகம், கரைக்கு வேலி. சுண்ணாம்புக்காகப் பாறை வெட்டப்பட்ட காலத்துக்குப் பின் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போயின. வளத்தை இழந்த இடத்தில் காப்பும் போயிற்று.

இந்தப் பின்னணியில் மக்கள்தொகையை எப்படி அளப்பது? 2011 கணக்கெடுப்பில் தீவிலுள்ள ராமேஸ்வரம் நகராட்சியின் மக்கள்தொகை 44,856. இது வீட்டில் உறங்குவோரின் கணக்கு. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் வந்து குளித்து, உண்டு, விடுதியில் தங்கிப் போகும் கூட்டம் இதில் இல்லை. ராமேஸ்வரம் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் பெரும்பாலானவை கிணறுகளே. கிணற்றின் மேல் நிற்பவர் வாளியால் இறைத்து ஒவ்வொரு தலையிலும் ஊற்றுகிறார். புண்ணியமாக ஊற்றப்படுவது தீவின் நிலத்தடி நீர்தான். ஆயினும் வாளி நீர் சிறிது. விடுதிக் குளியலறைகள்தான் பெரிது. ஆகவே தீவின் சுமையை நிர்ணயிப்பது பிறப்பு விகிதத்தைவிட அமாவாசைக் கூட்டம் எனலாம்.

பெருநிலத்திலிருந்து குழாயில் நீர் வரும்போது இந்தக் கவலை எதற்கு என்பது நியாயமான மறுப்பு. குழாய் தாகத்தைத் தீர்க்கும், அலையைத் தடுக்காது. அதுவும் கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். 1964 புயலில், தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் அதைச் சீர்செய்ய 46 நாட்கள் ஆயின. அந்த வேகமே இன்றும் சாதனையாகப் பேசப்படுகிறது. இணைப்பு அறுந்திருக்கும் நாட்களில் தீவுக்கு மிஞ்சுவது தன் மணலில் தேங்கியது மட்டுமே.

எனவே இரண்டு முடிவுகள். தீவின் தாங்குதிறனை ஆண்டுச் சராசரியில் அல்லாமல், கூட்டம் மிகுந்த நாளின் நீர்த்தேவையை வைத்துக் கணக்கிட வேண்டும். கட்டட அனுமதியில் மணல்மேட்டை வெற்றுமனையாகக் கருதாமல் நீர்நிலையாகவும் கடலரணாகவும் பதிவுசெய்ய வேண்டும். குடிநீருக்கு ஒரு கோப்பு, பேரிடருக்கு வேறொரு கோப்பு என்று பிரித்து வைத்திருக்கும்வரை, ஒரே மேடு இரண்டிலும் விடுபட்டுப்போகும்.