இரண்டு முறை பிறந்த நாட்குறிப்பு

1822 செப்டம்பர் 3. பிரான்சில் தூரேன் பக்கம் லூரூ என்றொரு கிராமம். ஊர்க் கடிகாரம் இரவு ஒன்பதோ பத்தோ அடித்து ஓய்கிறது. அண்ணன் வீட்டு வாசலில் சின்னதாய் ஒரு பெஞ்சு. அதில் ஐந்து நிமிடம் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ஓர் இளைஞர் உள்ளே போய் எழுத ஆரம்பிக்கிறார். யூஜின் டெலக்ருவா, வயது 24. அந்த ஆண்டுதான் அவருடைய ‘தாந்தேயின் படகு’ ஓவியம் பாரிஸ் கண்காட்சியில் இடம்பெற்று, அரசாங்கமே அதை விலைக்கு வாங்கியிருந்தது. அன்று அம்மாவின் எட்டாவது நினைவு நாளும்கூட.

நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று பல தடவை நினைத்துத் தள்ளிப்போட்டிருந்தார். தனக்காக மட்டுமே எழுதுவதால் பொய் வராது, மனம் மாறும்போதெல்லாம் இந்தக் காகிதமே தன்னைக் கண்டிக்கும் என்பது அவர் கணக்கு. இளம் கலைஞனுக்குத் தேவைப்பட்ட வாத்தியார் அது. குதிரைகளை வரையக் கற்றே ஆகவேண்டும், தினமும் காலையில் லாயத்துக்குப் போக வேண்டும், சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழவேண்டும் என்று 1823-இல் தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொள்கிறார். மாடல்களுக்குக் கொடுத்த பணமும் அதே பக்கங்களில் கணக்காய் ஏறுகிறது. 1824 அக்டோபரில் எழுத்து நின்றது.

நின்றது இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு! இடையில் ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’ வரைந்தார். 1832-இல் மொராக்கோ போனார். அங்கே நிரப்பிய பயண நோட்டுகளில் கோட்டோவியத்தின் பக்கத்திலேயே நிறங்களை எழுத்தில் குறித்துவைத்தார். ஆனால் நாட்குறிப்பு மட்டும் இல்லை.

1847 ஜனவரி 19. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் யானை, காண்டாமிருகம், நீர்யானை எல்லாம் பார்த்துவிட்டு வருகிறார். மனசு நிறைந்துபோகிறது. ஏன் இந்தச் சந்தோஷம் என்று யோசித்து, அன்றாடக் கவலைகளுக்கு வெளியே தன்னை இழுத்துப்போனதே காரணம் என்று எழுதுகிறார். இந்த முறை நிற்கவில்லை. அச்சடித்த டைரிகளில் ஆண்டுக்கு ஆண்டு, இறந்துபோகும் 1863 வரை தொடர்ந்தது.

என்னைக் கேட்டால், அந்த நாட்குறிப்பு உண்மையில் பிறந்தது இந்த இரண்டாம் நாளில்தான். லூரூவில் எழுதியது ஒரு பையனின் சபதம். 48 வயதில் எழுதுகிறவருக்குச் சபதம் தேவையில்லை. கண்ணில் பட்டது கைநழுவிப் போகக்கூடாது என்பதுதான் கவலை. 1849 ஏப்ரலில் நண்பரான இசையமைப்பாளர் ஷோபேனோடு வண்டியில் போகும்போது, இசையில் தர்க்கத்தை நிலைநாட்டுவது எது என்று கேட்கிறார். ஷோபேன் விளக்கியதை வீடு திரும்பியதும் எழுதிவைக்கிறார். அதே ஆண்டு அக்டோபரில் ஷோபேன் இல்லை.

1856 செப்டம்பர் 7-ஆம் தேதிப் பக்கம் எனக்கு மிகப் பிடித்தது. ஜன்னல் வழியே பார்க்கிறார். மரத்தளம் போடும் ஒருவர் மேல்சட்டை இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறார். உயிரற்ற சுவரை விட மனித உடம்பில்தான் எத்தனை நிறம் என்று வியக்கிறார். இரண்டு நாள் முன்பு கண்ட காட்சி நினைவுக்கு வருகிறது. சென்-சுல்பீஸ் சதுக்கத்து நீரூற்றுச் சிலைமேல் வெயிலில் ஏறிக்கொண்டிருந்த பொடியன். வெளிச்சம் விழுந்த இடத்தில் மங்கிய ஆரஞ்சு, அது நிழலுக்குத் திரும்பும் ஓரத்தில் பளிச்சென்ற ஊதா, தரையைப் பார்த்த நிழலில் பொன்னிறம். வேறு யாராவது கண்டிருந்தால் ஒரு குறும்புக்காரப் பையனோடு முடிந்திருக்கும். நிழல் என்றால் கறுப்பைக் கலந்து தடவுவதல்ல என்று தூரிகை பிடிக்கிறவன் தெருவில் நின்று கற்ற பாடம் இது. சென்-சுல்பீஸ் தேவாலயத்துச் சுவரில் அவர் வரைந்துகொண்டிருந்த காலமும் அதுவே.

எல்லாம் நமக்குக் கிடைத்துவிடவில்லை. பாரிஸில் புரட்சி வெடித்து அரியணை கவிழ்ந்த 1848-ஆம் ஆண்டு டைரியை வாடகைக் குதிரைவண்டியில் மறந்துவிட்டு இறங்கிவிட்டார். திரும்பக் கிடைக்கவே இல்லை. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

மிஞ்சியவை 1893-இல்தான் அச்சேறத் தொடங்கின, அவர் மறைந்து முப்பது ஆண்டு கழித்து. 1899-இல், சிறுசிறு வண்ணப் புள்ளிகளால் வரைந்த பால் சிஞ்யாக், தங்கள் ஓவிய முறைக்கு நியாயம் சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். டெலக்ருவாவின் பெயரைத் தலைப்பிலேயே வைத்தார். தனக்காக மட்டும் என்று எழுதப்பட்ட அந்த நாட்குறிப்பைத்தான் சாட்சிக்கு அழைத்தார்.