மணலுக்குள் வேர் எப்படி நீரைக் கண்டடைகிறது?

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் இருக்கும் மீனவக் கிராமம் கண்டக்குழி. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணல். இது பாலைவனம் அல்ல. ஆனால் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையே கிடைக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று இங்கு அதிக மழை தருவதில்லை. பெய்த நீரும் மணலில் தங்காமல் கீழிறங்கி விடுகிறது. அதனால் இந்தக் கரையின் தாவரங்களும் பாலைவனத் தாவரங்களின் வழிகளையே கையாள்கின்றன.

வேருக்கு நீரின் திசை தெரியுமா?

தொலைவிலுள்ள நீரை வேர் முன்கூட்டி அறிவதில்லை. வேர் நுனியிலுள்ள மாப்பொருள் மணிகள் புவியீர்ப்பின் திசையை உணர்த்துவதால் முதல் வேர் கீழ்நோக்கி வளர்கிறது. மிக அருகே ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் காய்ந்தும் இருந்தால், நுனி ஈரப்பக்கம் வளைகிறது. இது நீர்த்திருப்பம் எனப்படுகிறது. மழைநீர் மணலில் இறங்க இறங்க, வேர் அந்த ஈரத்தின் பின்னாலேயே இறங்குகிறது.

ஆழம், அகலம், வடிகட்டல்

முதல் வழி ஆழம். அமெரிக்காவின் அரிசோனாவில் 1960களின் தொடக்கத்தில், சுரங்கமொன்றில் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் ஒரு மரத்தின் வேர் காணப்பட்டது. அது நம்மூர்ச் சீமைக்கருவேலின் உறவுமரம். பனைக்கு ஆணிவேர் இல்லை. ஆனால் அதன் வித்து முளைக்கும்போது முதலில் மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது. இலை வெளியே வருமுன்னர் கீழே உணவு சேர்கிறது. நாம் அவித்து உண்ணும் பனங்கிழங்கு அதுதான்.

இரண்டாவது வழி அகலம். கள்ளி இனங்களின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரந்து, சிறு தூறலையும் விரைவாக உறிஞ்சிக்கொள்கின்றன. கரையிலே அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் மணலில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடுகின்றன. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்ற பழமொழிக்கேற்ப, மணல்மேட்டையே அவை பிடித்து வைக்கின்றன.

மூன்றாவது வழி வடிகட்டல். கண்ணா என்றும் அழைக்கப்படும் கண்டல் மரங்கள் களப்பின் ஓரத்தில் நீருக்குள்ளேயே நிற்கின்றன. அவற்றின் பிரச்சினை நீர் இல்லாதது அல்ல, உப்பு. உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்து நீரை மட்டும் எடுக்கின்றன. சில இனங்கள் மீதி உப்பை இலை வழியே வெளியேற்றுகின்றன.

மணலுக்குக் கீழே மிதக்கும் நன்னீர்

மழைநீர் உப்புநீரைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே மணலுக்கடியில் உப்புநீரின்மேல் நன்னீர் ஒரு படலமாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி உயரலாம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். கற்பிட்டிப் பக்கம் தங்கியவர்களும் முன்பிருந்தே வாழ்ந்தவர்களும் இந்தப் படலத்தையே நம்பினர். வெங்காயமும் மிளகாயும் இதில்தான் விளைகின்றன. 1980களிலேயே இங்குள்ள கிணறுகளில் உரத்திலிருந்து இறங்கிய நைத்திரேற்று அதிகமாக இருப்பது ஆய்வுகளில் தெரியவந்தது. குடிநீரில் அதன் எல்லையாக உலக சுகாதார அமைப்பு குறிப்பிடுவது லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

வேர் நீரைச் சிறிது சிறிதாகவே எடுக்கிறது. நீரிறைக்கும் இயந்திரம் சில மணி நேரத்தில் இழுத்துவிடுகிறது. கிணற்றை மேலும் ஆழமாக்கினால் நீர் கூடும் என்ற எண்ணம் இந்த மணலில் உப்பைத்தான் அருகே கொண்டுவரும். ஆழமற்ற பல கிணறுகளிலிருந்து அளவாக இறைப்பதே பாதுகாப்பானது.

மீண்டும் நடுவோருக்கு

போரில் தோப்புகளை இழந்து, திரும்பிச் சென்ற காணியில் மீண்டும் மரம் வைப்போருக்கும் இது பயன்படும். பனையைப் பிடுங்கி நடுவது கடினம். வித்தை நிற்க வேண்டிய இடத்திலேயே மழைக்கு முன் புதைப்பது நல்லது. பையில் அதிக காலம் வளர்ந்த கன்றின் வேர் சுருண்டுவிடும். நடும்போது அதைப் பார்த்துச் சீர்செய்ய வேண்டும். நட்ட கன்று பிடித்தபின், நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைய ஊற்றுங்கள். ஈரம் இறங்கும் அளவுக்கே வேரும் இறங்கும்.