ஏழரை அடி இறக்கை

போர் விமானத்தின் படத்தைப் பார்த்தால் பலருடைய கண் அதன் கூர்மூக்குக்கோ, பின்னால் சீறும் நெருப்புக்கோதான் போகும். நான் முதலில் பார்ப்பது இறக்கையை. அதை உருவாக்கியவர்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது அங்கேதான் தெரியும். இதற்கு எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது லாக்ஹீட் கம்பெனியின் வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சன் அங்கே போய் விமானிகளிடம் பேசினார். மிக்-15ஐ எதிர்த்துப் பறந்துகொண்டிருந்த அவர்கள் கேட்டது இரண்டுதான்: இன்னும் வேகம், இன்னும் உயரம். ஜான்சன் அதை அப்படியே கொடுத்தார். 1954 மார்ச்சில் முதல் மாதிரி பறந்தது. 1958 மே மாதத்தில், ஒரே மாதத்துக்குள், உயரத்துக்கான உலக சாதனையும் (91,243 அடி) வேகத்துக்கான உலக சாதனையும் (மணிக்கு 2,259 கி.மீ.) அதன் வசமாயின.

இதற்காக அவர் சுருக்கியது இறக்கையை. உடலிலிருந்து நுனிவரை ஒரு பக்கம் சுமார் ஏழரை அடி; நம் வீட்டுக் கட்டிலைவிட ஓரடி கூடுதல், அவ்வளவே. மொத்தப் பரப்பு 18.2 சதுர மீட்டர். முன்விளிம்பு கத்தி போல இருந்ததால், விமானம் தரையில் நிற்கும்போது ஊழியர்கள் கையைக் கிழித்துக்கொள்ளாமல் இருக்க அதற்கு உறை மாட்டி வைப்பார்கள். அவ்வளவு மெல்லிய இறக்கைக்குள் எரிபொருளுக்கு ஏது இடம்? சக்கரங்களுக்கும் இடமில்லை. எல்லாம் உடலுக்குள் போயின. ஏழரை என்றால் நம்மூரில் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதன் கணக்கு சிக்கலானதல்ல. விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் விசை இறக்கையின் பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஆகவே பறக்கிற வேகத்தில் சின்ன இறக்கையே போதும். பெரியது காற்றில் வீண் இழுவை. சிக்கல் இரண்டு இடங்களில் வரும். ஒன்று, தரையிறங்கும்போது. ஸ்டார்ஃபைட்டர் ஓடுதளத்தை நோக்கி வரும் வேகமே மணிக்கு 300 கி.மீ.க்கு மேல். அதுவும் எஞ்சினிலிருந்து காற்றை எடுத்து இறக்கையின் பின்மடல்கள் மேல் ஊதிய பிறகு! இறங்கும் நேரத்தில் எஞ்சின் தளர்ந்தால் அந்த உதவியும் போச்சு. இன்னொன்று, திரும்பும்போது. 60 பாகை சாய்ந்து மட்டம் குறையாமல் திரும்பவே எடையைப் போல இரு மடங்கு விசை வேண்டும். சண்டையில் இன்னும் இறுக்கமாகத் திரும்ப வேண்டியிருக்கும்.

1965 செப்டம்பர் 7 காலை இந்தக் கணக்கு சர்கோதாவின் மேல் சரிபார்க்கப்பட்டது. அப்போது நான் பள்ளி மாணவன். பேப்பரில் நாட், சேபர் என்ற பெயர்களைத்தான் படித்தோம். இந்தச் சண்டையைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் இந்திய விமானப்படைக்கே அது தெரியாது. ஆதம்பூரிலிருந்து கிளம்பிய மிஸ்தேர் விமானங்களோடு போன ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா திரும்பவில்லை. காணாமல் போனவர் என்று எழுதிக்கொண்டார்கள். குடகுக்காரர் அவர்.

வழிமறித்தது அம்ஜத் ஹுசைன் ஓட்டிய ஸ்டார்ஃபைட்டர். ஒலியைப் போல இரு மடங்கு வேகம் அதற்கு. பிரெஞ்சு மிஸ்தேரோ நேர்மட்டத்தில் ஒலியின் வேகத்தையே எட்டாது. ஆனால் மிஸ்தேரின் இறக்கைப் பரப்பு 32 சதுர மீட்டர். இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமந்த எடை ஸ்டார்ஃபைட்டரில் இருந்ததில் ஏறத்தாழ பாதிதான். அடிபட்ட பிறகும் தேவய்யா விலகி ஓடாமல் திரும்பிச் சண்டையிட்டார். தன் வேகத்தை விட்டுவிட்டு மிஸ்தேரோடு சுற்றிச்சுற்றித் திரும்பும் சண்டையில் இறங்கிய ஸ்டார்ஃபைட்டர், தன்னிடம் இல்லாத ஒன்றை நம்பி இறங்கியது என்றே சொல்வேன். அது விழுந்தது. அம்ஜத் குதித்துப் பிழைத்தார். தேவய்யா பிழைக்கவில்லை. 1979இல் வந்த ஜான் ஃபிரிக்கரின் புத்தகத்துக்குப் பிறகுதான் நம்மவர்கள் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1988இல், 23 வருடம் கழித்து, மகாவீர் சக்ரா வந்தது.

மேற்கு ஜெர்மனி வாங்கிய 916 ஸ்டார்ஃபைட்டர்களில் 292 விபத்தில் போயின. 116 விமானிகள் மாண்டார்கள். விதவைகளை உண்டாக்கும் விமானம் என்று பட்டப்பெயரே வைத்தார்கள். பழி முழுவதையும் இறக்கை மேல் போடுவது நியாயமல்ல. தெளிந்த வானத்தில் உயரப் பறக்கச் செய்த விமானத்தை மேகமும் மூடுபனியுமான ஐரோப்பாவில் குண்டு சுமந்து தாழ்வாகப் பறக்க விட்டார்கள்; பயிற்சியிலும் பராமரிப்பிலும் குறை. பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள நேரம் தராத இறக்கை அதோடு சேர்ந்துகொண்டது.

இப்போதும் இதே பேரம்தான், கம்ப்யூட்டர் வந்த பிறகும். எஃப்-16இன் இறக்கை 27.9 சதுர மீட்டர். ஜப்பானியர்கள் கப்பலைத் தாக்கும் ஏவுகணைகள் நான்கைச் சுமக்க வேண்டும் என்று அதையே கால் பங்கு பெரிதாக்கி எஃப்-2 செய்தார்கள். நம் தேஜஸுக்கு 38.4. உடலைப் பார்த்தால் எஃப்-16ஐ விடச் சிறியது! வாலில்லாத முக்கோண இறக்கை சட்டென்று மூக்கைத் திருப்பும். ஆனால் தொடர்ந்து திரும்பினால் வேகத்தைத் தின்றுவிடும். 2018இல் சூலூருக்கு ஒரு தேஜஸ் ஸ்குவாட்ரன் வந்தது. கோவைப் பக்கத்து நண்பர்கள் அந்த முக்கோணத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

எஃப்-35இல் இந்தப் பேரம் ஒரே குடும்பத்துக்குள் நடக்கிறது. விமானப்படைக்கான ஏ வகைக்கு 42.7 சதுர மீட்டர். விமானந்தாங்கிக் கப்பலில் மெதுவாக வந்து இறங்க வேண்டிய சி வகைக்கு 62.1. மெதுவாக இறங்க முடிகிறது, எரிபொருளும் கூட. பதிலுக்கு, ஏ வகை எடையைப் போல 9 மடங்கு தாங்கித் திரும்பும். சி வகைக்கு 7.5தான். வேகம் பிடிக்கவும் அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும்.