அன்னைக்கு அணிவித்த பொன்

ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் எம்மிடம் கேட்டபோது, யாம் சற்றே திகைத்தோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, புகைவண்டி அலுவலகத்தில் பார்சல் கணக்கெழுதி வருபவர்க்குச் சரித்திரம் எங்கிருந்து வரும்? ஆயினும், கணக்கெழுதுபவர்க்கென்றே தமிழ்நாட்டில் ஒரு சரித்திரம் உண்டு. அது தஞ்சைப் பெரிய கோயிலின் கற்சுவரில் இருக்கின்றது. சென்ற ஆண்டு எம் இல்லத்தில் எழுந்த ஒரு வழக்கு எம்மை அச்சுவரின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. அதனைச் செம்பூர்வாழ் தமிழன்பர்கள் முன் வைக்கின்றோம்.

வழக்கு இதுதான். எம் அன்னையார்க்கு அகவை எழுபத்தைந்து நிறைந்தது. அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணப்பெண்ணாக இவ்வூர் வந்தபோது ஏழு சவரனில் ஓர் அட்டிகை கொணர்ந்தார். வந்த சில ஆண்டுகளில், இப்போது நாம் குடியிருக்கும் அறைக்குப் பகடிப் பணம் கட்ட வேண்டி அவ்வட்டிகை விற்கப்பட்டது. எமக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அன்னையார் கழுத்தில் தாலிச்சரடு ஒன்றே கண்டோம். எம் தந்தையார் மறைந்தபின் அதுவும் இல்லை. தமக்கையாரும் யாமும் தம்பியும் ஒன்றுகூடி, அன்னைக்கென்றே ஒரு நகை செய்வித்து அணிவிப்பது என்று முடிவு செய்தோம். உடனே உறவில் ஒரு பெரியம்மா, "கணவனை இழந்தவளுக்கு நகை எதற்கு? ஊர் என்ன சொல்லும்?" என்று தடுத்தார். வருத்தம் என்னவென்றால், அன்னையாரும் அதனையே சொன்னார்.

ஊர் என்ன சொல்லும் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம். சரித்திரம் என்ன சொல்லுகின்றது?

ஒருவர்க்கென்றே தனியாகச் செய்வித்த நகை என்பது ஏதோ இக்காலத்துக் கடைக்காரர் கண்டுபிடித்த புதுமை என்று இளைஞர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில், தமிழ்ப் பிராமி எழுத்தில் உரியவர் பெயர் பொறித்த மோதிரங்கள் கிடைத்துள்ளன. ஏறக்குறைய 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர் தம் பெயரைப் பொன்னிலும் வெள்ளியிலும் வெட்டுவித்து விரலில் அணிந்தனர் என்பதற்கு அவை சான்று. சிலப்பதிகாரத்தின் வழக்கே இதில்தானே தங்கியிருக்கின்றது! கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் ஒத்திருந்தன. உள்ளிருந்த பரலே வேறு. ஒன்றில் மாணிக்கம், மற்றொன்றில் முத்து. இது யாருடையது என்னும் கேள்விக்கு நகையின் உள்ளிருந்த பரல் விடை சொல்லிற்று.

இனித் தஞ்சைக்கு வருவோம். முதலாம் இராசராசன் 985-ஆம் ஆண்டில் அரியணை ஏறினான். பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. தன் 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாளில் அவன் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கோயில் விமானத்துக் கல்லிலே வெட்டுக என்பதே அது. வரிசையைக் கவனியுங்கள்! அரசனுக்கு அடுத்தபடியாக நிற்பவர் அக்கன். மனைவியர் அவர்க்கும் பின்னரே வருகின்றனர். அந்த அக்கன்தான் வல்லவரையர் வந்தியதேவரின் தேவியாகிய குந்தவையார்.

குந்தவையார் அக்கோயிலில் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவித்தார். தட்சிணமேரு விடங்கரின் தேவியாகவும், தஞ்சை விடங்கரின் தேவியாகவும் உமா பரமேசுவரியாரை அமைத்தார். அவற்றோடு தம் தந்தையார் சுந்தர சோழரின் திருமேனியையும் வைத்தார். காஞ்சியில் பொன்மாளிகையில் உயிர் நீத்தமையால் "பொன்மாளிகைத் துஞ்சின தேவர்" எனக் கல்வெட்டு அவரைக் குறிக்கும். அதனோடு சேர்த்து எழுந்தருளுவித்த மற்றொரு திருமேனி அவர்தம் அன்னையார் வானவன் மாதேவியின் உருவம் என்று அறிஞர் கொள்வர்.

வானவன் மாதேவியார் மலையமான் குலத்து மகள். கணவர் மறைந்தபோது, இளங்குழந்தையைப் பிரிந்து, அவருடன் தீயில் புகுந்தார் என்று திருக்கோவலூர் வீரட்டானத்துக் கல்வெட்டு உரைக்கின்றது. அக்காலம் அதனைப் பெருமை என்று போற்றியிருக்கலாம். எமக்கோ அவ்வரிகளின் செய்தியை அறிந்த நாள் முதல் நெஞ்சு கனக்கின்றது. தாய்க்கு ஒரு வளை வாங்கி உயிருள்ள கையில் போட்டுப் பார்க்கும் பேறு அந்தப் பேரரசின் மகளுக்கும் மகனுக்கும் கிட்டவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்துச் செம்பில்தான் அன்னையைக் காண முடிந்தது.

குந்தவையார் அம்பிகைக்கு அளித்த அணிகளின் பட்டியல் கல்லில் விரிகின்றது. தோடு, வாளி, தாலி, கைக்காறை, அடிக்காறை, பாதசாயலம், சூடகம், மோதிரம், பட்டிகை, ஏகாவல்லி என்று அக்கோயிற் கல்வெட்டுகளில் வரும் நகைப் பெயர்களைக் கொண்டே ஓர் அகராதி செய்யலாம். பெயரோடு எழுதுபவர் நின்றாரா? இல்லை. பொன்னை "ஆடவல்லான்" என்னும் கல்லாலும், மணிகள் பதித்த நகைகளைத் "தட்சிணமேரு விடங்கன்" என்னும் கல்லாலும் நிறுத்தனர். கழஞ்சு ஒன்றுக்கு 20 மஞ்சாடி, மஞ்சாடி ஒன்றுக்கு 2 குன்றி. கழஞ்சு என்பது இன்றைய அளவில் ஏறக்குறைய 5 கிராம். கோத்த சரடு, சட்டம், செப்பாணி, உள்ளிட்ட அரக்கு ஆகியவற்றை நீக்கி நிறை கண்டனர். இன்று நகைக்கடையில் அரக்குக்கும் பொன் விலை கொடுத்துவிட்டு வரும் நம்மவர் இதனைப் படித்துப் பெருமூச்சு விடலாம்!

முத்துகளை மட்டும் எத்தனை வகையாகப் பிரித்தனர்! வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்போளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்பன சில. குளிர்ந்த நீர், சிவந்த நீர் என முத்தின் ஒளிக்கும் பெயர் வைத்தனர். குறையுள்ள முத்தைக் குறையுள்ளது என்றே எழுதினர். ஒரு நகையை மாற்றி வேறொன்றை வைத்தால் கல் காட்டிக்கொடுத்துவிடும். எம் அலுவலகத்தில் ஒரு பார்சலின் உடைந்த மூலையைக் குறிப்பேட்டில் பதிவதற்கே சோம்புவார் உளர் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளுகின்றோம்.

அந்நகைகள் இன்று அங்கு இல்லை. ஜெர்மானியப் பேரறிஞர் ஹுல்ட்ஷ் 1891 முதல் அச்சேற்றிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் இரண்டாம் மடலில் அவற்றின் கணக்கு மட்டும் இருக்கின்றது. பொன் போயிற்று, எழுத்து நின்றது. அக்கோயிலுக்குரிய இராசராசன், உலகமாதேவி திருமேனிகளும் நெடுங்காலம் ஊர் நீங்கி, குசராத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தன. 2018-ஆம் ஆண்டில் அவை மீட்கப்பட்டு, சென்னை சென்ட்ரல் நிலையத்தில் வந்திறங்கியபோது மக்கள் திரண்டு வரவேற்றனர். அவை வந்தது புகைவண்டியில் என்பதில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

பெரியம்மாவின் கேள்விக்கு நேரான விடை வேறோர் அரசியிடம் இருக்கின்றது. கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவியார் 957-ஆம் ஆண்டளவில் கணவரை இழந்தார். கைக்குழந்தையோடு நின்றார். அவர் தீயில் புகவில்லை. மகனை வளர்த்தார், அம்மகன் உத்தம சோழனாக அரசாண்டான். அதன்பின் இராசராசன் காலத்திலும் வாழ்ந்து, செங்கல்லாய் இருந்த கோயில்கள் பலவற்றைக் கருங்கல்லாக்கினார். கைம்மை வாழ்வே நாற்பது ஆண்டுக்கு மேல்! அவர் பெயரால் அமைந்த ஊர் நாகைப் பக்கத்தில் இன்றும் இருக்கின்றது. உத்தம சோழனின் தேவியர், அதாவது அவருடைய மருமக்கள், மாமியாரின் பிறந்தநாளை ஒட்டி அவ்வூர்க் கோயிலில் அறக்கட்டளை வைத்தனர். (மருமக்கள் என்பதைத் தாய்மார்கள் மறுமுறையும் படிக்க.) 1019-ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திரன் அக்கோயிலிலே அவ்வன்னையின் திருமேனியை எழுந்தருளுவித்து, வழிபாட்டுக்கு வழி செய்தான். அவர் உருவம் என்று பலரும் கருதும் சோழர் செப்புத் திருமேனி ஒன்று அமெரிக்க நாட்டு வாஷிங்டன் நகரில், பிரீயர் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் கழுத்திலும் தோளிலும் கையிலும் அணிகள் இருக்கின்றன. கைம்பெண்ணாய் வாழ்ந்த தாயைச் சோழ நாடு எவ்வாறு நினைவிற்கொள்ள விரும்பிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இச்செய்தியை யாம் ஓர் ஞாயிற்றுக்கிழமை அன்னையார்க்குப் படித்துக் காட்டினோம். "அவுக ராணி" என்று கூறி அரிசி களையப் போய்விட்டார்.

எம் மகள் கல்லூரியில் பயில்பவள். அவள் மேல்நாட்டுச் செய்தி ஒன்று கொணர்ந்தாள். இங்கிலாந்து அரசி விக்டோரியாவுக்கு 1840-இல் முதற்குழந்தை பிறந்தபோது, கணவர் ஆல்பர்ட் ஒரு கைச்சங்கிலி அளித்தாராம். இதய வடிவில் வண்ணம் தீட்டிய சிறு சிமிழ் ஒன்று அதில் தொங்கும், அதனுள் குழந்தையின் தலைமுடி இருக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஒவ்வொரு சிமிழ். குழந்தைகள் ஒன்பதின்மர், சிமிழ்களும் ஒன்பது. முடியை நகையில் வைப்பது நம் வழக்கத்துக்கு ஒவ்வாது எனினும், தாயின் வாழ்க்கையையே நகையின் வடிவமாக்கிய கருத்து எமக்குப் பிடித்தது. அட்டிகைக்கு அட்டிகை என்று யாம் எண்ணியிருந்தது அன்றோடு மாறியது. அன்னையாரும், "கழுத்து கனம் தாங்காது, சின்னதா இருந்தாப் பார்க்கலாம்" என்னும் அளவுக்கு இறங்கி வந்திருந்தார்.

மாட்டுங்காவில் ஒரு சிறு சந்தில் பட்டறை வைத்திருக்கும் பத்தரிடம் சென்றோம். அவர் தந்தையும் பத்தரே. 1963-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் நகை செய்யலாகாது என்றபோது, நாடெங்கும் பொற்கொல்லர் அடுப்பு அணைந்த கதையை அவர் தந்தை சொல்லக் கேட்டவர். 1968-இல் தனிச் சட்டமாகவே வந்த அக்கட்டுப்பாடு 1990-இல்தான் நீங்கியது. "அந்த நாளில் அப்பா மூட்டை தூக்கினார் சார்" என்று ஊதுகுழலைக் கீழே வைக்காமலே சொன்னார்.

பதக்கம் ஒன்று, அதில் மக்கள் மூவர்க்கும் மூன்று சிறு கெம்பு என்பது வரை முடிவாயிற்று. பின்புறம் பெயர் வெட்ட வேண்டும், எழுத்து எப்படி இருக்கவேண்டும் என்று பத்தர் கேட்டார். அச்செழுத்துகள் பலவற்றைக் காட்டினார். எமக்கு ஒன்றும் நிறைவு தரவில்லை. வீடு திரும்பித் தகரப் பெட்டியைக் குடைந்தபோது எம் நான்காம் வகுப்பு மதிப்பெண் அட்டை கிடைத்தது. பெற்றோர் கையொப்பம் இடவேண்டிய கட்டத்தில் அன்னையாரின் பெயர். தந்தையார்க்கு அக்காலத்தில் இரவுப் பணி. அட்டையில் ஒப்பமிட ஆளில்லை என்பதற்காகவே, பள்ளி வாயில் காணாத அன்னையார், தமக்கையாரிடம் பலகையில் எழுதிப் பழகித் தம் பெயரை எழுதக் கற்றார். முதல் எழுத்து பெரியது, பின்னவை சிறுத்துச் சிறுத்து மேலேறும். கடைசி எழுத்தின் புள்ளி கட்டத்துக்கு வெளியே கிடந்தது.

அதனையே பத்தரிடம் கொடுத்தோம். "புள்ளி வெளியே நிக்குதே, உள்ளே கொண்டு வந்துடவா?" என்றார். வேண்டா, நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்றோம்.

பதக்கம் அச்சடித்து, பொடி வைத்து ஊதி, கல் பதித்து, மெருகேறி வந்தது. இப்போது பொன் நகைக்கு முத்திரை கட்டாயம். 2021 முதல் இவ்விதி படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனிக்குறி இன்றிக் கடையில் விற்றல் இயலாது. ஒரு நகைக்கு இட்ட குறி மற்றொரு நகைக்கு வாராது. தஞ்சைக் கணக்கர் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். அக்குறி அன்னையாரின் கையெழுத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அமைந்தது. நிறை 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பொன்னுக்குத் தமக்கையார் பாதி, யாமும் தம்பியும் மீதி, கெம்புக்கு எம் மகளின் சேமிப்பு. தஞ்சை முறைப்படியே இதனையும் எம் வீட்டுக் கணக்கேட்டில், அக்கன் கொடுத்ததை முதலில் வைத்து, எழுதினோம்.

தைப்பூசத்தன்று சேடா நகர் முருகன் கோயிலில் படியேறி வணங்கியபின் அன்னையார் அதனை அணிந்தார். புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேதான் இறங்கினார். மாலையில் பெரியம்மா வந்தார். யாம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். பெரியம்மா பதக்கத்தைக் கையில் ஏந்தி, திருப்பிப் பார்த்து, வெகுநேரம் எழுத்துக் கூட்டினார்.

"உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமாட்டீ?" என்று மட்டும் கேட்டார்.