அவையச்சமும் அன்றாட வாழ்வும்



பாம்பைக் கண்டு அஞ்சுகிறோம். பெருகி வரும் வெள்ளத்தைக் கண்டு அஞ்சுகிறோம். இவ்வச்சங்கள் உயிரைக் காக்கும் அரண்கள். ஆனால், நம்மைத் தீண்டவும் வராத, அடித்துச் செல்லவும் வராத ஒன்றைக் கண்டு மனிதன் நடுங்குவதுண்டு. அதுதான் பிறருடைய பார்வை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைவு ஒன்றே சிலருக்கு நாவை உலரச் செய்கிறது. கையை நடுங்கச் செய்கிறது. படித்ததையெல்லாம் மறக்கச் செய்கிறது. இவ்வச்சம் வரலாற்றில் புகழ்பெற்ற இருவருடைய வாழ்வில் என்ன செய்தது என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இவ்வச்சம் மிகப் பழையது. திருவள்ளுவர் 'அவையஞ்சாமை' எனத் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். பகைவரிடையே சென்று சாகத் துணிந்தவர் பலர். கற்றோர் அவையில் அஞ்சாமல் பேச வல்லவர் சிலரே என்பது அவருடைய கருத்து. மருத்துவ உலகம் இதற்குத் தனிப்பெயர் இட்டதோ மிக அண்மையில்தான். பிரான்சு நாட்டு உளநூல் அறிஞர் பியேர் ழானே 1903-ஆம் ஆண்டில் இதைத் தனி வகை அச்சமாகக் குறித்தார். ஜப்பானில் மொரீட்டா என்னும் மருத்துவர், பிறர்முன் நிற்க அஞ்சுவோரை ஆராய்ந்து அவர்களுக்கென ஒரு மருத்துவ முறையை வகுத்தார். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 1980-ஆம் ஆண்டில்தான் இதற்கு இடம் அளித்தது. புதியவரைக் கண்டு சிறிது கூசுவது நோயன்று. அது பலருக்கும் உள்ள இயல்பு. அக்கூச்சம் ஒருவனுடைய படிப்பையும் தொழிலையும் நட்பையும் தடுத்து நிறுத்தும்போதே அது நோயாகிறது.

முதலில் ஆங்கிலேய அறிவியலறிஞர் ஹென்றி கேவண்டிஷ் என்பவரைக் காண்போம். 1731-ஆம் ஆண்டில் பிரபுக்கள் குடும்பத்தில் பிறந்த இவர், ஹைட்ரஜன் என்று இன்று வழங்கும் வாயுவின் இயல்பை 1766-இல் விளக்கினார். 1798-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நம் நிலவுலகின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கும் அதற்கு மிக அருகிலேயே இருக்கிறது.

இத்தகைய பேரறிஞர், மனிதர்முன் வந்தால் பேச்சிழந்து போவார். அவருடைய வரலாற்றை 1851-இல் வெளியிட்ட ஜார்ஜ் வில்சன் பல செய்திகளைத் தொகுத்துள்ளார். இரவு உணவுக்கு என்ன வேண்டும் என்பதை நாள்தோறும் ஒரு சீட்டில் எழுதிக் கூடத்து மேசைமீது வைத்துவிடுவாராம். பணிப்பெண் அதை எடுத்துப் பார்த்துச் சமைக்க வேண்டும். மாடிப்படியில் பணிப்பெண் ஒருத்தி எதிர்ப்பட்டதனால், தனக்கென வேறொரு படிக்கட்டே கட்டுவித்தாராம். அறிஞர்கள் கூடும் விருந்துகளுக்கு அவர் தவறாமல் செல்வார். ஆயினும் யாரேனும் நேருக்கு நேர் வினவினால் விலகி ஓடிவிடுவார். அவருடைய கருத்தை அறிய விரும்பியோர் அவர் முகத்தைப் பாராமல், வெற்றிடத்தை நோக்கிப் பேசுவதுபோல் பேசினராம். அவருடைய உருவப்படமாக நமக்குக் கிடைத்திருப்பதும் அவர் அறியாதவாறு ஓர் ஓவியர் மறைவாக வரைந்ததே.

இவை கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், இதனால் உலகம் இழந்தது சிறிதன்று. மின்னாற்றலைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சிகளில் பெரும்பகுதியை அவர் வெளியிடவே இல்லை. மின்விசையின் அளவு தொலைவோடு எவ்வாறு மாறும் என்னும் விதி, 1785-இல் அதை வெளியிட்ட கூலோம் பெயரால் வழங்குகிறது. கேவண்டிஷ் அதனைப் பத்தாண்டுகளுக்கு மேலாக முன்பே கண்டிருந்தார். மின்னோட்டத்தைப் பற்றிய ஓம் விதி 1827-இல் வெளிவந்தது. அதனையும் கேவண்டிஷ் முன்னரே உணர்ந்திருந்தார். நுண்ணிய கருவி இல்லாத அக்காலத்தில், தம் உடலிலேயே மின்னைப் பாய்ச்சி, அதிர்ச்சியின் வலிமையைக் கொண்டு அளந்தார் என்றால் அவருடைய உழைப்பை என்னென்பது! அவர் 1810-இல் மறைந்தார். அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்து மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் வெளியிட்டது 1879-ஆம் ஆண்டில். அதற்குள் பிறர் அவற்றையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்து முடித்திருந்தனர்.

இறந்தவருக்கு இருநூறு ஆண்டு கழித்து நோய்ப்பெயர் சூட்டுவது முறையாகாது. அவருடைய இயல்பு வேறு வகையானது என்று கருதுவாரும் உளர். நிறைவு பெறாத எதனையும் வெளியிட விரும்பாத மனமும் இதில் கலந்திருக்கலாம். ஆயினும் ஒன்று உறுதி. அறிவுக்குக் குறைவில்லாத ஒருவரும் மனிதரை அணுக இயலாமற் போனால், அவ்வறிவின் பயன் பிறரைச் சேர நெடுங்காலம் ஆகிறது.

இனி, நாம் நன்கு அறிந்த ஒருவரிடம் வருவோம். காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் தம்முடைய கூச்சத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பள்ளி விட்டதும் யாரேனும் பேச்சுக் கொடுத்துக் கேலி செய்வார்களோ என்று அஞ்சி வீட்டுக்கு ஓடிவிடுவாராம். 1888-இல் இலண்டனுக்குச் சென்று சட்டம் பயின்றபோது, அங்கிருந்த மரக்கறி உணவினர் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினரானார். கூட்டங்களுக்குத் தவறாமல் சென்றும் வாய் திறக்க இயலவில்லை. சங்கத்தின் நோக்கத்தோடு தொடர்பில்லாத ஒரு கருத்துக்காக உறுப்பினர் ஒருவரை நீக்க முற்பட்டபோது, அது நேர்மையன்று என்று அவருக்குத் தோன்றியது. அதனை எழுதிக்கொண்டு போனார்; படிக்கத் துணிவு வரவில்லை. வேறொருவர் படித்தார். நியாயம் தெரிந்திருந்தும் அதனைத் தம் வாயால் சொல்ல முடியாத அந்த நிலையை நினைத்துப் பாருங்கள்.

1891-இல் நாடு திரும்புமுன் நண்பர்களுக்கு விருந்தளித்தார். ஆயத்தம் செய்துகொண்டு எழுந்தும், முதல் வாக்கியத்துக்கு மேல் பேச்சு நகரவில்லை. பின்னர்ப் பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் 30 ரூபாய்க் கட்டணத்துக்கு முதல் வழக்கை ஏற்றார். குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோது தலை சுழன்றது. கேட்பதற்கு ஒரு வினாவும் தோன்றவில்லை. வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லி, கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்து வெளியேறினார்.

அம்மனிதரே 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்தியர் கூட்டம் ஒன்றைக் கூட்டி, வணிகத்தில் வாய்மையைக் குறித்துப் பேசினார். தம் வாழ்நாளில் ஆற்றிய முதற் பொதுப்பேச்சு அதுவே என்று அவர் குறித்திருக்கிறார். இடையில் நிகழ்ந்த மாறுதல் என்ன? கூச்சம் முற்றும் நீங்கிய பிறகு பேச வந்தார் என்று நான் கருதவில்லை. ஆயத்தமின்றிப் பேச நேர்ந்த இடங்களில் தயக்கம் பின்னரும் தம்மைத் தொடர்ந்தது என்று அவரே எழுதுகிறார். ஆனால், அவமதிப்புக்குள்ளான தம் மக்களுடைய துன்பம் அவர் கண்முன் நின்றது. 'என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்' என்னும் கவலையைவிட, 'இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்' என்னும் கவலை பெரிதாயிற்று. சொற்களை அளந்து பேசும் பழக்கத்தைத் தந்தது அக்கூச்சமே என்று பிற்காலத்தில் அதற்கு நன்றியும் சொன்னார்.

இன்றைய உளமருத்துவம் கூறுவதும் இதற்கு அணுக்கமானதே. அஞ்சும் இடத்தை விட்டு விலகினால் உடனே ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே அடுத்த முறையும் விலகத் தூண்டுகிறது. இவ்வாறு அச்சம் வளர்கிறது. ஆகவே மருத்துவர்கள், அஞ்சும் நிலைகளைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக எதிர்கொள்ளப் பயிற்சி அளிக்கின்றனர். பிறர் நம்மை இகழ்வர் என்னும் எண்ணம் மெய்தானா என்று சோதித்துப் பார்க்கக் கற்பிக்கின்றனர். வேண்டியவர்க்கு மருந்தும் உண்டு.

மாணவர்களே, இவ்வச்சம் பெரும்பாலும் தலைகாட்டுவது உங்கள் பருவத்தில்தான். விடை தெரிந்தும் கை தூக்காதவன், ஐயம் இருந்தும் ஆசிரியரை அணுகாதவள், பலர்முன் உண்ணவும் கூசிப் பசியோடு வீடு திரும்புபவன் — இத்தகையோர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். அவர்களைச் செருக்கர் என்றோ அறிவிலார் என்றோ எண்ணிவிடாதீர்கள். கேலி செய்வது நோயை வளர்ப்பதாகும். அவர்கள் பேசும்வரை பொறுத்திருங்கள். பேசியதைக் கவனித்துக் கேளுங்கள். உங்களுக்கே அந்த அச்சம் இருந்தால், நாளை வகுப்பில் ஒரே ஒரு வினாவைக் கேளுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அதுவும் இயலாதபடி அச்சம் அழுத்தினால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி மருத்துவரை நாடுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்ல நாணாத நாம், இதற்கு நாணுவதற்குக் காரணம் ஏதும் இல்லை.