குழந்தையின் மூளையைக் காத்த வரலாறு



குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை மருத்துவம் வென்ற கதையில், மூளையைக் காத்த கதையும் அடங்கியிருக்கிறது. அதை இன்று பார்ப்போம்.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்ததன் பலனை வெளியிட்டார். பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அது தற்காலிகமே.

பின்னர் வந்த மருந்துகள் உடலில் நோயை அடக்கின. அப்போதும் சில மாதங்களில் பல குழந்தைகளுக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டன. காரணம் என்ன? மூளைக்கு இயற்கை ஒரு காவல் வைத்திருக்கிறது. அந்தக் காவல் மருந்தைத் தடுத்தது. நோயணுக்களோ உள்ளே பதுங்கியிருந்தன. களை பறிப்போருக்கு இது புரியும்: ஒரு வேர் தங்கினாலும் களை மீண்டும் முளைக்கும்.

1962இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டாக்டர் டொனால்ட் பிங்கெல் இதற்கு வழி தேடினார். தலைக்குக் கதிர்வீச்சு, முதுகுத்தண்டு நீரில் மெத்தோட்ரெக்சேட் ஊசி என்று இரண்டையும் சேர்த்தார். 1967இல் தொடங்கிய சிகிச்சையில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் பிழைத்தனர்.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. பிழைத்த பிள்ளைகளில் சிலர் பள்ளியில் பின்தங்கினர். ஞாபகமும் கவனமும் குறைந்தன. சிலருக்கு வளர்ச்சி குன்றியது. மருத்துவர்கள் அவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, கதிர்வீச்சைப் படிப்படியாகக் குறைத்தனர். 2009இல் அதே மருத்துவமனை வெளியிட்ட ஆய்வில் 498 குழந்தைகளுக்குத் தலைக்கதிர்வீச்சே தடுப்பாகக் கொடுக்கப்படவில்லை. ஐந்தாண்டு கடந்தும் நூற்றுக்கு 93 பேருக்கு மேல் உயிருடன் இருந்தனர்.

மருந்துகளுக்கும் பக்கவிளைவு உண்டு. நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின், கால் நரம்புகளைத் தளர்த்தலாம். மெத்தோட்ரெக்சேட்டால் சில வேளை வலிப்போ பேச்சுக் குழறலோ வரலாம். அதற்காக நாமே மருந்தை நிறுத்தக்கூடாது. அந்தச் செடியை வீட்டில் காய்ச்சிக் கொடுக்கவும் கூடாது. பிள்ளை காலை இழுத்து நடந்தாலும், பேச்சுக் குழறினாலும் உடனே மருத்துவரிடம் சொல்வோம்.

குணமாகி வந்த பிள்ளை பாடத்தில் தடுமாறினால், "மக்கு" என்று ஏசாமல் ஆசிரியரிடம் விவரம் சொல்வோம். நோயை வென்ற பிள்ளைக்கு நாம் செய்யவேண்டிய கடமை அது.