இருளரங்கில் ஒளிப்படம்: கையின் நடுக்கமும் கலைஞனின் அசைவும்

இசையரங்கின் விளக்குகள் பாடுவோருக்காகவும் கேட்போருக்காகவும் ஏற்றப்படுபவை, ஒளிப்படக்காரருக்காக அல்ல. அம்மங்கிய ஒளியில் படமெடுக்க முயன்றோர் கடந்த நூற்றாண்டில் மூன்று வழிகளைக் கைக்கொண்டனர் எனலாம். தம் ஒளியைத் தாமே கொண்டு செல்வது ஒன்று. அரங்கின் ஒளிக்கே பணிந்துவிடுவது மற்றொன்று. கையின் நடுக்கத்தைக் கருவியைக் கொண்டே அடக்குவது மூன்றாவது.

முதல் வழிக்கு வில்லியம் காட்லீப் சான்றாவார். ஜாஸ் இசை பற்றிப் பத்தி எழுதிவந்த அவர், 1938 முதல் 1948 வரை அக்கலைஞர்களைப் படமெடுத்தார். கையில் ஸ்பீட் கிராஃபிக் கேமரா. உடன், ஒருமுறை எரிந்தால் தீர்ந்துபோகும் ஃபிளாஷ் பல்புகள். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் விலைக்கு வாங்கிக் காக்குமளவு பெருமதிப்புடையவை அப்படங்கள். ஆயினும் ஒவ்வொரு படத்துக்கும் அரங்கின் இருள் ஒரு கணம் கலைய வேண்டியிருந்தது.

ஹார்லெமில் பிறந்த ராய் டிகராவா இரண்டாம் வழியினர். ஃபிளாஷை விலக்கி, உள்ள ஒளியிலேயே அவர் படமெடுத்தார். அதனால் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டியதாயிற்று. 1960களில் அவர் எடுத்த ஜான் கோல்ட்ரேன் படங்களில் உருவம் கலங்கித் தெரிகிறது. அக்கலக்கத்தை அவர் குறையாகக் கருதி ஒதுக்கவில்லை. அந்த ஜாஸ் படங்களின் தொகுப்பு நூலாக வெளிவந்தது 2001இல்தான்.

மூன்றாம் வழி 1995இல் திறந்தது. அவ்வாண்டு கேனான் நிறுவனம் 75-300 மி.மீ. லென்ஸில் அசைவுத்திருத்தத்தைப் புகுத்தியது. கழற்றி மாட்டும் எஸ்.எல்.ஆர். லென்ஸ்களில் அதுவே முதலாவது. நைக்கானின் 80-400 மி.மீ. லென்ஸ் 2000இலும், இசைநிகழ்ச்சிகளுக்கு உகந்த கேனானின் 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 2001இலும் தொடர்ந்தன. இதன் செயல்முறை எளிது. லென்ஸினுள் உள்ள உணரிகள் கையின் அசைவை அளக்கின்றன; கண்ணாடித் தொகுதியொன்று அதற்கு ஈடாக நகர்ந்து பிம்பத்தை நிலைநிறுத்துகிறது.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 200 மி.மீ. லென்ஸைக் கையில் ஏந்தி எடுக்க 1/200 நொடி வேண்டும் என்பது பழைய விதி. மூன்று ஸ்டாப் திருத்தம் கிடைத்தால் 1/25 நொடியே போதும். அதாவது எட்டு மடங்கு ஒளி. ஆனால் அந்த 1/25 நொடியில் டிரம்ஸ் வாசிப்பவரின் கோல் வெகுதூரம் போய்விடும். லென்ஸ் நம் கையை அடக்குமேயன்றி அவர் கையை அடக்காது. பாடகர் ஒரு சுரத்தில் நின்று நீட்டும் வேளைக்கே இது உதவும். விரைந்த வாசிப்பை உறையவைக்க அகன்ற துவாரமும் உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வுமே துணை.

இதைக் கருவியின் குறையாகவே பலரும் கூறுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. முன்பெல்லாம் எடுப்பவரின் நடுக்கமும் இசைப்பவரின் அசைவும் ஒரே கலக்கமாகப் படத்தில் பதிந்தன. எது எவருடையது எனப் பிரித்தறிதல் அரிது. திருத்தப்பட்ட லென்ஸ் முன்னதைப் பெருமளவு நீக்கிவிடுகிறது. முகமும் மேடையும் தெளிந்திருக்க விரல்கள் மட்டும் கலங்கித் தெரியும் படத்தில் எஞ்சியிருப்பது வாசித்தவரின் அசைவே. அத்தகைய படங்களை அழித்துவிடாதிருப்பது நலம்.